புயல் போன மறுநாளும் வெள்ளாத்தைப் பாரு

தங்கச்சி, கல்யாணமாகி நீ சேத்தியாத்தோப்புக்கு வந்து இதுதான் முதல் ஐப்பசி. தலை தீபாவளியும் கூடவே வருது. நாம வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப்ல. கான்கிரீட் குவார்ட்டர்ஸ், வாசல்ல தார் ரோடு. அங்க புயல்னா மரம் சாயும், ஸ்கூலுக்கு லீவு விடுவாங்க. நீ இப்ப இருக்கிற வீடு வெள்ளாத்துக்கும் வீராணம் ஏரிக்கும் பக்கத்துல இருக்கு. இங்க கணக்கே வேற. அதனால டிவியில ‘வங்கக்கடல்ல காற்றழுத்தத் தாழ்வு’ன்னு சொல்ல ஆரம்பிச்சதுமே, பலகாரத்துக்கு மாவு அரைக்கிறதுக்கு முன்னால இதைப் படிச்சுடு.

முதல்ல ஒண்ணு சொல்றேன். நம்ம பக்கம் காத்து ஒரு ராத்திரியில அடிச்சு ஓஞ்சுடும். தண்ணி அடுத்த நாளோ அதுக்கும் மறுநாளோ, மேல நல்லா வெயில் அடிக்கும்போது வரும். மழை விட்டுடுச்சேன்னு எல்லாரும் ஈரத்துணியை வெளியில காயப்போடுற நேரத்துலதான் ஆறு ஏறும்.

பேரைப் பார்த்து எடை போடாதே

புயலுக்குப் பேர் வச்சாச்சான்னுதான் ஊர்ல முதல்ல கேப்பாங்க. பேர் இல்லன்னா ‘சும்மா மழைதான்’னு அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிடுவாங்க. 2015-ல நடந்ததைக் கேளு. அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 10. அதுக்கு முந்தின நாள் கரையைக் கடந்தது புயலே இல்ல, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அதுக்குப் பேர் கிடையாது. ஆனா அன்னிக்கு நெய்வேலியில ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் மழை. நம்ம மாவட்டத்துல வருஷம் முழுக்கப் பெய்யறதுல மூணுல ஒரு பங்குக்கு மேல அந்த ஒரு நாள்ல கொட்டிடுச்சு. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் ஓடையெல்லாம் ஊருக்குள்ள புகுந்து, பெரியகாட்டுப்பாளையம், விசூர் மாதிரி ஊருங்கள்ல வீடு வாசலை அடிச்சுக்கிட்டுப் போச்சு. மறுநாள் விடிஞ்சா தீபாவளி.

தானே புயல் வேற மாதிரி. 2011 டிசம்பர் 30 காலையில கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறிச்சு. அது காத்து வேகத்தால சேதம் பண்ணின புயல். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சுது, கரண்ட் கம்பமெல்லாம் மடங்கி விழுந்து வாரக்கணக்குல கிராமங்கள் இருட்டுல கிடந்துச்சு. அடுத்த ரெண்டு வாரத்துல பொங்கல்.

அதனால பேரைத் தேடாம, நிறத்தையும் சென்டிமீட்டரையும் பாரு. வானிலை மையம் ஆரஞ்சுன்னா 12-லேருந்து 20 சென்டிமீட்டர் வரைக்கும் பெய்யலாம்னு அர்த்தம். சிவப்புன்னா அதுக்கும் மேல. கடலூர், விழுப்புரம் ரெண்டுக்கும் சிவப்பு போட்டா நம்ம வீட்டு வேலையை அன்னிக்கே ஆரம்பிச்சுடணும். கள்ளக்குறிச்சி, சேலம், அரியலூர் பேர் அந்தப் பட்டியல்ல இருக்கான்னும் பாரு. ஏன்னு சொல்றேன்.

தண்ணி எந்தப் பக்கத்துலேருந்து வருது

நம்ம சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுல நிக்கிற தண்ணி நம்ம ஊர்ல பெஞ்சது இல்ல. வெள்ளாறு சேலம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலைங்கள்ல பெய்யற மழையை வாங்கிக்கிட்டு வருது. வசிஷ்ட நதி, சுவேத நதி ரெண்டும் சேர்ந்துதான் வெள்ளாறு. தொழுதூர், பெலாந்துறைன்னு ரெண்டு அணைக்கட்டைத் தாண்டினா மூணாவது நம்ம சேத்தியாத்தோப்பு. வழியில விருத்தாசலம் பக்கத்துலேருந்து மணிமுத்தாறு வந்து சேருது. அந்த மணிமுத்தாத்துல கோமுகி தண்ணியும் இருக்கு. கல்வராயன் மலையில மேகம் உடைஞ்சு கொட்டினா கோமுகி அணையும் மணிமுத்தா அணையும் நிரம்பி, உபரியைத் திறப்பாங்க. அது இங்க வந்து சேர நேரமாகும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கிற அவகாசம்.

இன்னொரு பக்கம் வீராணம். அதுக்குக் கீழணையிலேருந்து வடவாறு வழியா வர்ற தண்ணி மட்டும் இல்ல, அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கம் பெய்யற மழை செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியா நேரா ஏரிக்கு வந்துடும். ஏரியோட முழு நீர்மட்டம் 47.50 அடி. அதைத் தொட நெருங்கும்போது கரைக்கு ஆபத்து வரக் கூடாதுன்னு ஒரு பக்கம் வெள்ளியங்கால் ஓடையில விடுவாங்க, இன்னொரு பக்கம் நம்ம சேத்தியாத்தோப்பு வி.என்.எஸ்.எஸ். மதகைத் திறந்து வெள்ளாத்துல விடுவாங்க. ஆறு ஏற்கெனவே கரை தொட்டு ஓடுறப்ப இந்தத் தண்ணியும் அதுல வந்து விழும். கீழ பரங்கிப்பேட்டையில கடல் கொந்தளிச்சுக்கிட்டு இருந்தா முகத்துவாரத்துல வடியவும் வடியாது.

2024-ல பெஞ்சல் புயல் இதைத்தான் தென்பெண்ணையில காட்டிச்சு. நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த புயல் அங்கேயே நின்னு மழையைக் கொட்டிச்சு. மயிலத்துல 50 சென்டிமீட்டர் அளவுக்குப் பதிவாச்சு. அப்புறம் அது மேற்கே நகர்ந்து திருவண்ணாமலைப் பக்கம் பெய்ய, டிசம்பர் 2 விடியறதுக்குள்ள சாத்தனூர் அணையிலேருந்து 1.5 லட்சம் கன அடிக்கு மேல திறந்துவிட்டாங்க. கடலூரை ஒட்டின தென்பெண்ணைக் கரையில அதுக்கு அப்புறம்தான் பெரிய வெள்ளம். புயல் போயிடுச்சுன்னு மூச்சு விட்டவங்க வீட்டுலதான் தண்ணி புகுந்துச்சு.

அதனால நீ தினம் கேக்க வேண்டியது மூணு செய்தி: கோமுகி, மணிமுத்தா அணை திறந்தாங்களா, தொழுதூர்ல எவ்வளவு போகுது, வீராணம் எத்தனை அடி. காலையில பேப்பர்லயும் உள்ளூர் சேனல்லயும் வந்துடும். வந்தது உண்மையான்னு சந்தேகமா இருந்தா மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. போன்ல தமிழ்நாடு அரசோட டிஎன்-அலர்ட் ஆப்பையும் ஏத்தி வை. வாட்ஸ்அப்ல ‘ஏரி உடைஞ்சுடுச்சு’ன்னு வர்ற குரல் பதிவை யாருக்கும் அனுப்பாதே. ராத்திரியில வயசானவங்க பதறி ஓடி விழுந்து அடிபடுறதுக்கு அது ஒண்ணே போதும்.

மாவு மில்லுக்குத்தான் முதல் நடை

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதே அதிரசத்துக்கு அரிசி ஊறவச்சு நிழல்ல உலர்த்தி இடிச்சு வச்சுக்கோ. காத்துல ஈரம் ஏறிட்டா அரிசி உலரவே உலராது, மில்லுலயும் கரண்ட் இருக்காது. பாகு ஊத்திப் பிசைஞ்ச அதிரச மாவு ஃப்ரிட்ஜ் இல்லாமலே நாலஞ்சு நாள் நல்லா இருக்கும். அடுப்பை மூட்டினா போதும், எந்த நேரத்துலயும் சுட்டுடலாம். முறுக்கு, தட்டையைப் புயலுக்கு முன்னாலயே சுட்டு எவர்சில்வர் டின்ல இறுக மூடிடு. மழை நாள்ல சுட்டா ஒரே ராத்திரியில நமுத்துப் போகும். உங்க அத்தை ‘முந்தின நாள் சுட்டாத்தான் ருசி’ன்னு சொன்னா, இந்த வருஷம் மட்டும்னு பக்குவமா எடுத்துச் சொல்லு. இட்லி மாவை ரெண்டு நாளைக்கு மேல அரைக்காதே. கரண்ட் போனா முதல்ல புளிக்கிறது அதுதான். அவல், ரவை, கோதுமை மாவு, பொட்டுக்கடலை, பால் பவுடர் இருந்தா ஒரு வாரத்தை ஓட்டிடலாம். ரெண்டாவது சிலிண்டர் காலியா இருந்தா இன்னிக்கே புக் பண்ணு. பண்டிகை வாரத்துல தாமதமாத்தான் வரும்.

கரண்ட் இல்லன்னா மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடலன்னா தண்ணி இல்ல. மாடியில இருக்கிற சின்டெக்ஸ் டேங்க்கை வழிய வழிய நிரப்பி வை. நிரம்பின டேங்க் காத்துல நகராது, காலி டேங்க் பறந்துபோய் அடுத்த வீட்டு ஓட்டுல விழும். குடிக்கிற தண்ணியைத் தனியா, மூடி போட்ட குடங்கள்ல எடுத்து வை. தெருவுல அடிபம்பு வேலை செய்யுதான்னு ஒரு தடவை அடிச்சுப் பார்த்துடு.

போன், பவர் பேங்க், சார்ஜ் லைட் எல்லாத்தையும் முழுசா ஏத்திடு. மெழுகுவர்த்தியைக் கூரை வீட்டுப் பக்கம் கொண்டுபோகாதே. பேட்டரி ரேடியோ ஒண்ணு வாங்கி வை. டவர் போயிட்டா உலகத்துச் செய்தி அது ஒண்ணுலதான் வரும். ஃப்ரிட்ஜ், கிரைண்டர், இன்வெர்ட்டர் பேட்டரி மூணையும் செங்கல் அடுக்கி மேல தூக்கு. தரையில ஓடுற ஜங்ஷன் பாக்ஸை இப்பவே கழட்டி மேல எடு.

ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பேங்க் பாஸ்புக், இன்சூரன்ஸ் ரசீது, உன்னோட சர்டிஃபிகேட் எல்லாத்தையும் ரெண்டு பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஒரு பையில வை. ஒவ்வொண்ணையும் போன்ல போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிடு. உன் போன் நனைஞ்சாலும் என்கிட்ட இருக்கும். நகையும் அதே பையிலதான். பட்டுப்புடவையைப் பத்தி அப்புறம் கவலைப்படலாம்.

மாமனாருக்குப் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை ஒரு மாசத்துக்கு இருக்கான்னு எண்ணிப் பாரு. இன்சுலின் போடுறவங்களா இருந்தா, கரண்ட் போனதும் ஈரத்துணி சுத்தின மண்பானைக்குள்ள ஒரு டப்பாவுல மருந்தை வச்சு நிழல்ல வை. எத்தனை நாள் அப்படி வைக்கலாம்னு மருந்துக் கடையில முன்னாலயே கேட்டுக்கோ. நாப்கின் ரெண்டு பாக்கெட் கூடுதலா வாங்கு. வீட்டு ஆம்பளைங்க பட்டியல்ல இது வராது.

உன் தெருவுல நிறைமாசமா யாராவது இருந்தா அவங்க வீட்டுக்குப் போய்ப் பேசு. வலி எடுக்கட்டும்னு காத்திருக்க வேண்டாம். சிவப்பு எச்சரிக்கை வந்த அன்னிக்கே சிதம்பரத்துலயோ விருத்தாசலத்துலயோ ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிடச் சொல்லு. கிராம சுகாதார செவிலியர்கிட்ட தேதி வாரியாப் பட்டியல் இருக்கும், அவங்களே உதவி பண்ணுவாங்க. ரோட்டுல தண்ணி ஓடும்போது 108 வண்டியாலயும் உள்ள வர முடியாது.

வீட்டுக்கு வெளியில

முருங்கை மரத்தை இரக்கப்படாம பாதியா வெட்டிடு, காத்துக்கு முதல்ல உடையறது அதுதான். ரெண்டு மாசத்துல திரும்பத் துளிர்க்கும். தென்னையில முத்தின காயையும் காஞ்ச மட்டையையும் இறக்கிடச் சொல்லு. கூரை, தகர ஷீட் மேல கயிறு போட்டு ரெண்டு பக்கமும் முளையில இழுத்துக் கட்டணும். ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள்ள அந்த ராத்திரி யாரும் படுக்கக் கூடாது.

மாடு விஷயத்துல நீ கண்டிப்பா இருக்கணும். கட்டின மாடு கட்டின இடத்துலயே முங்கிச் செத்துப்போகும். தண்ணி ஏறும்னு தெரிஞ்சா அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிடச் சொல்லு, அதுக்கு நீந்தத் தெரியும். கரண்ட் கம்பத்துலயோ ஸ்டே கம்பியிலயோ கட்டவே கூடாது. கன்னுக்குட்டியையும் ஆட்டையும் வீட்டுத் திண்ணையில ஏத்திடு. வைக்கோல் போரைத் தார்ப்பாய் போட்டுக் கட்டு. வெள்ளம் வடிஞ்ச பிறகு வைக்கோல்தான் கிடைக்காது.

நிலத்துல சம்பா நட்டிருக்காங்கன்னு சொன்னே. வடிகால் வாய்க்காலைப் புயலுக்கு முன்னாலயே வெட்டி விடணும், வரப்புல அங்கங்க வாய் திறந்து வைக்கணும். தண்ணி நிக்கும்போது யூரியா போட்டா காசுதான் கரையும். பயிர் இன்சூரன்ஸுக்குக் கடைசி நாள் சம்பாவுக்குப் பெரும்பாலும் நவம்பர் நடுவுல வந்துடும். தீபாவளிச் செலவுல அந்தப் பிரீமியத்தைத் தள்ளிப்போட விடாதே. மாப்பிள்ளை மறந்தா நீ பொதுச் சேவை மையத்துக்குப் போய்க் கட்டிட்டு ரசீதை அந்தப் பையில போடு. பொங்கலுக்கு விக்கிற பன்னீர்க் கரும்பு போட்டிருக்கிறவங்க சோகை உரிச்சு, நாலஞ்சு கழியைச் சேர்த்துக் கட்டி வச்சாத்தான் சாயாம நிக்கும்.

தலை தீபாவளிக்கு எப்ப கிளம்பறது

அம்மா போன்ல அழுவாங்க. அப்பா, ‘வடலூர் வழியா வந்தா ஒரு மணி நேரம்தானே’ன்னு சொல்லுவார். அவங்களை நான் பார்த்துக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க. புயலுக்கு ரெண்டு நாள் முன்னாலயே பகல்ல கிளம்பி நெய்வேலி வந்துடுங்க, இல்லன்னா எல்லாம் அடங்கினதுக்கு அப்புறம் வாங்க. நடுவுல மட்டும் கிளம்பாதீங்க. பரவனாறு பொங்கினா குறிஞ்சிப்பாடி பக்கத்து ரோடுங்கள்ல தண்ணி எப்ப ஏறும்னு சொல்ல முடியாது. 2024 டிசம்பர்ல அரசூர்கிட்ட சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையிலயே வெள்ளம் ஓடிப் போக்குவரத்து நின்னுபோச்சு. விக்கிரவாண்டி பாலத்தால ரயிலும் நின்னுச்சு. நாலு வழிச் சாலைக்கே அந்த கதின்னா ஊர் ரோட்டை நினைச்சுப் பாரு. சென்னையிலேருந்து வர்ற உன் கொழுந்தனுக்கும் இதைச் சொல்லு. கிளாம்பாக்கத்துல ராத்திரி பஸ் கிடைச்சுடுச்சேன்னு ஏறக் கூடாது, பகல் பஸ்ஸுல வரட்டும்.

தரைப்பாலத்து மேல முழங்கால் அளவு தண்ணி ஓடினா பைக்கை இறக்கவே கூடாது. ‘எனக்கு இந்த ரோடு தெரியும்’னு மாப்பிள்ளை சொன்னா, தண்ணிக்குள்ள ரோடு அரிச்சுப் போயிருக்கிறது யாருக்கும் தெரியாதுன்னு சொல்லி இறங்கிடு. நீ இறங்கிட்டா அவரும் போகமாட்டார்.

நாள் தள்ளிப் போச்சேன்னு மனசு கஷ்டப்படாதே. எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறதையும் புதுத்துணி உடுத்துறதையும் அடுத்த வாரம் வச்சுக்கிட்டாலும் அது தலை தீபாவளிதான். 2015-ல இந்த மாவட்டத்துல எத்தனையோ வீட்டுல அப்படித்தான் நடந்துச்சு.

அந்த ராத்திரி

வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வி.ஏ.ஓ.வோ பேரூராட்சி ஆளுங்களோ மைக்ல அறிவிச்சா, இருட்டறதுக்கு முன்னால பள்ளிக்கூடத்துக்கோ கல்யாண மண்டபத்துக்கோ போயிடுங்க. மாமியார் வரமாட்டேன்னா சண்டை போட்டாவது கூட்டிக்கிட்டுப் போ. கிளம்பும்போது மெயினை அணைச்சு, சிலிண்டரை மூடி, கக்கூஸ் குழியில மணல் மூட்டையை வச்சு அடைச்சுட்டுப் போ. இல்லன்னா கழிவுத் தண்ணி அது வழியா மேல வரும்.

காத்து பலமா அடிச்சு சடார்னு நின்னா வெளியில எட்டிப் பார்க்காதே. புயலோட கண்ணு மேல கடக்கும்போது அப்படித்தான் அமைதியாகும். கொஞ்ச நேரத்துல எதிர்ப்பக்கத்துலேருந்து இன்னும் மூர்க்கமா அடிக்கும். ஜன்னலை விட்டுத் தள்ளி, நடு அறையில எல்லாரும் ஒண்ணா இருங்க.

வெயில் வந்த பிறகு

பசங்களுக்கு ஸ்கூல் லீவு, மழையும் விட்டிருக்கும், அணைக்கட்டுல தண்ணி கொட்டுறதைப் பார்க்க ஊரே போகும். உன் கொழுந்தன் பிள்ளைங்களை அனுப்பாதே. வீராணத்துக் கரையில நின்னு செல்ஃபி எடுக்கவும் வேண்டாம். ஈரக் கரை எப்ப சரியும்னு யாருக்கும் தெரியாது. மேலேயிருந்து திறந்த தண்ணி அந்த நேரத்துலதான் வந்துக்கிட்டிருக்கும். ஆத்து மட்டம் ஏறுதா இறங்குதான்னு தெரிஞ்சுக்க, தூரத்துல இருக்கிற ஒரு பாலத் தூணையோ படியையோ அடையாளம் வச்சுக்கிட்டுக் காலையிலயும் சாயங்காலமும் பார்த்தா போதும். ரெண்டு நாள் தொடர்ந்து இறங்கினாத்தான் செங்கல் மேல ஏத்தின ஃப்ரிட்ஜைக் கீழே இறக்கு.

அறுந்து கிடக்கிற கம்பியில கரண்ட் இருக்குன்னே நினைச்சுக்கோ. மின்னகத்துக்கு 94987 94987-ல சொல்லிட்டு, யாரும் கிட்ட போகாம ஒருத்தரைக் காவலுக்கு நிறுத்து. தண்ணி புகுந்த வீட்டுல எலக்ட்ரீஷியன் பார்க்காம மெயினைப் போடாதே.

வெள்ளத்தோட பாம்பு வரும். பாத்திர அலமாரி, மடிச்சு வச்ச பாய், ஷூ எதுலயும் கையை நேரா விடாம முதல்ல குச்சியால தட்டு. கடிச்சுட்டா இறுக்கிக் கட்டுறது, கீறுறது, உறிஞ்சுறது எதுவும் வேண்டாம். நடக்க விடாம வண்டியில ஏத்தி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, விஷமுறிவு மருந்து அங்கதான் இருக்கும்.

தண்ணியைத் தளதளன்னு கொதிக்க வச்சு ஆறவச்சுக் குடி. பார்க்கிறதுக்குத் தெளிவா இருந்தாலும் சரி. கிணத்துல வெள்ளம் புகுந்திருந்தா முழுசா இறைச்சுட்டு, சுகாதாரத் துறை ஆளுங்க சொல்ற அளவுல பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லு, கண் அளவுக்குப் போடாதே. சேத்துல வெறுங்காலோட வேலை செஞ்சவங்களுக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம். கடையில மாத்திரை வாங்கிப் போட்டு நாள் கடத்தாம டாக்டர்கிட்ட ‘வெள்ளத் தண்ணியில நின்னேன்’னு சொல்லணும்.

சுத்தம் பண்ண ஆரம்பிக்கிறதுக்கு முன்னால எல்லாத்தையும் போட்டோ எடு. சுவத்துல தண்ணி நின்ன கோடு, இடிஞ்ச மூலை, நனைஞ்ச நெல் மூட்டை, செத்த ஆடு. ஆட்டையும் மாட்டையும் கால்நடை மருத்துவர் பார்த்து எழுதித் தர்ற வரைக்கும் புதைக்காதே, அந்தச் சான்று இல்லாம நிவாரணம் கிடைக்கிறது கஷ்டம். கணக்கெடுக்க வி.ஏ.ஓ. வரும்போது ஆம்பளைங்க வயல்ல இருப்பாங்க. ரேஷன் கார்டு, பாஸ்புக், போட்டோ மூணோட நீ வாசல்ல நின்னு பேரைச் சொல்லிப் பதிவு பண்ணு. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவங்க பேரையும் சேர்த்துட்டாங்களான்னு பார்த்துட்டு எனக்கு ஒரு போன் போடு.